பொருநை நிலமும் காப்பு இலக்கும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாமாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் பேசுமாறு அழைத்தபோது 'சங்க இலக்கியத்தில் ஆறுகள்' என்னும் தலைப்பைத்தான் செயலாளர் அவர்கள் முதலில் தந்தார்கள். அத்தலைப்பில் இதே அவையில் நான் இருமுறை பேசியிருக்கிறேன். பரிபாடலின் வையைப் பாடல்களையும் பட்டினப்பாலையின் காவிரியையும் எடுத்துக்காட்டி, பண்டைத் தமிழர் நீரைப் போற்றிய திறத்தை வியந்துவிட்டு அமர்ந்தால் கேட்போர்க்கும் மகிழ்ச்சி, சொல்வோர்க்கும் எளிமை. இம்முறை அவ்வெளிமையை நாட என் மனம் ஒப்பவில்லை. அதற்கான காரணத்தைப் பின்னர்க் கூறுவேன். தலைப்பை மாற்றிக்கொள்ள இசைந்த செயலாளர் அவர்களுக்கு நன்றி.

பொருநையைக் காக்க வேண்டும் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். மேடைதோறும் சொல்கிறோம். எதை, எவ்வளவு, எந்த நிலைக்கு மீட்பது என்று எவரேனும் திருப்பிக் கேட்டால் நம்மிடம் விடை உண்டா? இதுவே இன்று என் வினா. நான் நீரியல் வல்லுநர் அல்லேன். முனைவர்ப் பட்டத்திற்கு மருதத்திணையை ஆராய்ந்தவள். ஆற்றங்கரைச் சிற்றூரில் பிறந்தவள். இவ்விரண்டுமே என் தகுதி.

ஆறு என்று எதைச் சொல்கிறோம்?

தாமிரபரணி எனப் பெயர் வழங்கும் பொருநை, பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தொலைவே ஓடும் சிற்றாறு. ஆயினும் அதற்கு ஒரு தனிச்சிறப்புண்டு. தமிழ்நாட்டு எல்லைக்குள் பிறந்து அவ்வெல்லைக்குள்ளேயே கடல் சேர்கிறது. அண்டை மாநிலத்தைக் குறைகூறித் தப்பித்துக்கொள்ளும் வாய்ப்பு இவ்வாற்றில் நமக்கு இல்லை. நல்லதும் கெட்டதும் நம் கைவண்ணமே.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இதற்கு நீர் தருகின்றன. சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு ஆகியன வந்து கலக்கின்றன. மலைக்காடு, 1988-இல் அறிவிக்கப்பெற்ற களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துள் அடங்கும். சமவெளிக்கு இறங்கியதும் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் ஈறாக எட்டு அணைக்கட்டுகள் அதனை வாங்கிப் பதினொரு கால்வாய்களில் பிரித்துவிடுகின்றன. முதல் ஏழும் பழங்காலத்தவை. எட்டாவதாகிய ஸ்ரீவைகுண்டம் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்தது. கால்வாய் நீர் குளங்களை நிரப்புகிறது. குளத்து நீர் வயலுக்குப் பாய்கிறது. கார், பிசானம் என்னும் இரு பருவங்களிலும் சுமார் 86 ஆயிரம் ஏக்கர் இதனை நம்பியிருக்கிறது. இவற்றுக்கு மேலே 1940-களில் பாபநாசம் அணையும் 1958-இல் மணிமுத்தாறு அணையும் வந்தன.

இங்கு நோக்கத்தக்கது ஒன்று. வரைபடத்தில் நீலக் கோடாக உள்ள நீர்ப்போக்கு மட்டும் ஆறு அன்று. கரை மரமும், கரைக்கு அப்பால் வெள்ளம் பரவும் தாழ்நிலமும், கால்வாயும், குளமும், கழிமுகமும் சேர்ந்ததே ஆறு. கூந்தன்குளத்தில் 1994-இல் பறவைகள் சரணாலயம் அமைந்தது. அக்குளத்துக்கு மணிமுத்தாற்றுக் கால்வாய் நீர் வராவிட்டால் பறவைகள் இரா. கடனாநதி கலக்குமிடத்திலுள்ள திருப்புடைமருதூரில், கோயிலைச் சுற்றி நிற்கும் மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. அவற்றைக் காக்க வேண்டும் என்று ஊர்மக்களே முயன்றதன் பயனாக 2005-இல் அவ்விடம் பறவைகள் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பெற்றது. இந்தியாவில் அவ்வகையில் அமைந்த முதல் பாதுகாப்பகம் அதுவே. ஊர்ப் பெயரிலேயே மருது நிற்பதைத் தமிழ் படித்தோர்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

எந்த ஆண்டின் ஆறு?

'பழைய நிலைக்கு மீட்போம்' என்பது கேட்க இனிய தொடர். எந்தப் பழைய நிலை? அணைக்கட்டுகளுக்கு முந்தைய காட்டாறா? அதனை மீட்டால் மருதநிலமே இராது. வயலும் குளமும் கூந்தன்குளத்து நாரைகளும் இரா. 1940-களுக்கு முந்தைய ஆறா? இரு மாவட்டங்களுக்கும் அப்பாலுள்ள ஊர்களுக்கும் இன்று குடிநீர் தருவது இதுவே. மேலணைகளை உடைக்க எவரும் இசையார். மணல் அள்ளப்படுவதற்கு முந்தைய ஆறா? இதற்கு நம் உள்ளம் ஆம் என்கிறது; ஆனால் போன மணலை மீண்டும் கொண்டுவருவது எவ்வாறு? மேலே அணைகள் இருக்கும்வரை மலையிலிருந்து வரும் மணலின் பெரும்பகுதி அவற்றிலேயே தங்கிவிடும்.

ஆதலின் ஓர் ஆண்டைச் சுட்டி அதற்குத் திரும்புவது இலக்காகாது. உயிர்கள் வாழ ஆறு செய்யவேண்டிய பணிகள் எவை எனக் கண்டு, அவற்றுள் எவற்றை இன்றும் செய்யவைக்க இயலும் என ஆராய்ந்து, அளந்து பார்க்கக்கூடிய சொற்களில் எழுதிவைப்பதே இலக்கு. 'தூய்மையான ஆறு', 'வளமான ஆறு' என்பன வாழ்த்துரைகள். வாழ்த்துரை நிறைவேறியதா என்று எவரும் கணக்குக் கேட்க இயலாது. அதனால்தான் அவை அறிக்கைகளில் அவ்வளவு எளிதாக இடம்பெறுகின்றன என்று நான் ஐயுறுகிறேன்.

ஒரு மீனை இலக்காக வைத்தவர்கள்

ஐரோப்பாவின் ரைன் ஆற்றில் நடந்ததை ஈண்டுச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். 1986 நவம்பர் முதல் நாள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரருகே ஒரு வேதிப்பொருள் கிடங்கு தீப்பற்றியது. தீயணைக்க ஊற்றிய நீரோடு பூச்சிகொல்லிகள் ஆற்றில் இறங்கின. விலாங்கு மீன்கள் பெருந்திரளாக மடிந்து மிதந்தன. ஆற்றங்கரை நாடுகள் கூடி அடுத்த ஆண்டே ஒரு செயல்திட்டம் வகுத்தன. இத்தனை விழுக்காடு மாசு குறைப்போம் என்று சொன்னதோடு அவை நிற்கவில்லை. 2000-ஆம் ஆண்டுக்குள் சால்மன் மீன் ரைனுக்குத் திரும்ப வேண்டும் என்றும் இலக்கு வைத்தன.

சால்மன் கடலில் வளர்ந்து, முட்டையிட மட்டும் பிறந்த ஆற்றுக்கு ஏறிவரும் மீன். 1950-களுக்குள் அது ரைனிலிருந்து மறைந்துவிட்டது. அது திரும்ப வேண்டுமானால் நீரில் நஞ்சு இருத்தலாகாது. தடுப்பணைகளில் மீன் ஏறும் வழி வேண்டும். மேலே கிளையாறுகளில் சரளைக்கற்படுகை வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மீன் வாராது. ஒரு மீனின் பெயரைச் சொன்னதன் மூலம் ஆற்றின் பல பணிகளையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள். மீனவரும் புரிந்துகொண்டனர், பள்ளிப் பிள்ளைகளும் புரிந்துகொண்டனர். 1990-களிலேயே கிளையாறுகளில் சால்மன் மீண்டும் காணப்பட்டது. 2000-இல் இஃபெட்சைம் தடுப்பணையில் மீன்வழி திறக்கப்பட்டது. பின்னர் 2020-க்குள் சால்மன் பாசல் வரை ஏற வேண்டும் என அடுத்த இலக்கு வைத்தார்கள். அது எட்டப்படவில்லை. மேல்ரைனின் மின்நிலையத் தடுப்புகள் சிலவற்றில் வழி அமையாமையே காரணம். எட்டப்படவில்லை என்பதும், எவ்விடத்தில் தடைப்பட்டது என்பதும் உலகறியத் தெரிந்தன அல்லவா? இலக்கு தெளிவாக இருந்ததால் தோல்வியும் தெளிவாயிற்று. அதனை நான் குறையாகக் கருதவில்லை.

அமெரிக்காவின் புளோரிடாவில் கிசிமி என்றோர் ஆறு. வளைந்து நெளிந்து 166 கிலோமீட்டர் ஓடியதனை, வெள்ளத் தடுப்பின் பெயரால் 1962 முதல் 1971 வரை வெட்டி 90 கிலோமீட்டர் நேர்க் கால்வாயாக ஆக்கினார்கள். சதுப்புநிலம் வறண்டது, நீர்ப்பறவைகள் அகன்றன. பின்னர்த் தம் தவற்றை உணர்ந்து 1999-இல் தொடங்கி 2021 வரை அதன் நடுப்பகுதியில் கால்வாயைத் தூர்த்துப் பழைய வளைவுகளில் நீரை விட்டார்கள். ஆறு மீண்டால் நீர்ப்போக்கு, தாவரம், மீன், பறவை ஆகியவற்றில் என்னென்ன மாறும் என்பதை எழுதிவைத்துக்கொண்டு, அவ்வெழுத்தோடு ஒப்பிட்டே பயனை மதிப்பிட்டார்கள். வெட்ட ஒன்பது ஆண்டு. மீட்க இருபதுக்கு மேல்.

நம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2018-இல் நடுவணரசு கங்கைக்குக் குறைந்தபட்ச நீரோட்டத்தை எண்ணிட்டு அறிவித்தது. தேவபிரயாகை முதல் அரித்துவாரம் வரை, மாதச் சராசரி ஓட்டத்தில் நவம்பர் முதல் மார்ச்சு வரை 20 விழுக்காடு, அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25 விழுக்காடு, சூன் முதல் செப்டம்பர் வரை 30 விழுக்காடு என்பது அவ்வறிவிப்பு. அந்த அளவு போதாது என்போர் உண்டு. போதாது என்று வாதிடவும் ஓர் எண் வேண்டியிருக்கிறது.

முதலும் கருவும்

இவ்விடத்தில் என் துறைக்குத் திரும்புகிறேன். தொல்காப்பியர் சூழலியல் எழுதினார் என்று சொல்ல வரவில்லை. அவ்வகைப் பெருமிதங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் வகுத்தது பாடலுக்கான இலக்கணம். ஆயினும் அவ்விலக்கணத்தின் அமைப்பு நமக்கு ஒரு நல்ல கேள்விப் பட்டியலைத் தருகிறது.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். நிலம் மட்டும் அன்று; பொழுதும் சேர்ந்ததே முதல். ஆற்றைப் பற்றிய நம் பேச்சில் பொழுது காணாமற் போய்விட்டது. ஆண்டுக்கு இத்தனை கன அடி என்று கணக்கிடுகிறோம். மருதத்துக்குப் பெரும்பொழுது ஆறும் உரியன என்பர் இலக்கண நூலார். ஆற்றுயிர்களுக்கும் அப்படியே. முதல் வெள்ளத்தில் மீன் மேலேறும். வடிந்த பின் மணல்திட்டில் பறவை முட்டையிடும். கோடையில் மடுவில் நீர் தங்கினால்தான் எஞ்சிய உயிர் பிழைக்கும். ஆண்டு முழுதும் ஒரே அளவாக விட்டாலும் ஆறு கெடும். திறந்தும் அடைத்தும் திடீரென மாற்றினாலும் கெடும்.

கருப்பொருள் என்பன தெய்வம், உணவு, மா, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலாயின. விலங்கையும் மரத்தையும் பறவையையும் உணவோடும் தொழிலோடும் வழிபாட்டோடும் ஒரே வரிசையில் நிறுத்தியிருப்பது கருதத்தக்கது. காப்பு இலக்கு எழுதுவோர் உயிரினப் பட்டியலை ஒரு மேசையிலும், உழவர் மீனவர் வாழ்வை வேறொரு மேசையிலும் வைக்கின்றனர். இரண்டும் ஒரு தாளில் வராவிட்டால் இலக்கு நிலைக்காது. திருப்புடைமருதூர் நிலைத்ததற்கு அங்கே தெய்வமும் மரமும் புள்ளும் ஊரும் ஓரிடத்தில் இருந்தமையே காரணம் எனலாம்.

ஒரு படித்துறையும் என் பங்கும்

தலைப்பை மாற்றியதன் காரணத்தைச் சொல்வதாகக் கூறினேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு படித்துறையை அழகுபடுத்த முடிவாயிற்று. முடிவெடுத்த அமைப்பின் பெயர் இங்கே வேண்டா. சுவரில் பதிக்க ஆற்றைப் பற்றிய பாட்டடிகளைத் தேர்ந்து தருமாறு என்னைக் கேட்டார்கள். தமிழுக்குக் கிடைத்த சிறப்பென்று மகிழ்ந்து, இரண்டிரவு விழித்திருந்து தேர்ந்து கொடுத்தேன். சுவர் எங்கே வருகிறது, அதற்காக எது போகிறது என்று நான் கேட்கவில்லை. திறப்பு விழாவுக்குச் சென்றபோது கரையின் மண்சரிவு இல்லை. நாணலும் தாழையும் நின்ற இடத்தில் நீர்விளிம்பு வரை சிமெண்டுத் தளம். என் ஆச்சி துணி துவைத்துவிட்டு நிழலுக்கு ஒதுங்கும் மருதமரம் இரண்டும் இல்லை. மரத்தின் வேரிடுக்கில் நீர்நாய் குட்டிகளோடு தங்கும். சிறுமியாக இருந்தபோது நான் கண்டிருக்கிறேன். சுவரில் மட்டும், நான் தேர்ந்த பாட்டில், மருதமரம் இருந்தது.

தவறு செய்தவர்களாக அவர்களை நான் இங்கே நிறுத்தவில்லை. ஆறு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் இலக்கு. அவ்விலக்கில் மரமும் நாணலும் குப்பை சேரும் இடங்கள். யாரும் வேறோர் இலக்கை எழுதி அவர்கள் கையில் கொடுக்கவில்லை. கொடுத்திருக்கக்கூடிய ஒருத்தி பாட்டுத் தேர்ந்துகொண்டிருந்தாள்.

அதன்பின் மாணவியரோடு கரையூர்களில் நடந்து, முதியோர் அறிந்த மீன், பறவை, கரைத்தாவரப் பெயர்களை எழுதத் தொடங்கினேன். கெண்டை, கெளுத்தி, விரால், குரவை, அயிரை, உளுவை, ஆரல் எனப் பெயர்கள் வந்தன. இப்போது வலையில் அதிகம் விழுவன எவை என்று கேட்டால் ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் என்றார்கள். தூண்டிலோடு அமர்ந்திருந்த முதியவர் ஒருவரிடம், "அண்ணாச்சி, ஆரல் கிடைக்கிறதா?" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மண்ணு போன பொறவு ஆரலு எங்க போயி ஒளியும், டீச்சர்?" என்றார். ஆரல் மணலிலும் சேற்றிலும் புதைந்து வாழும் மீன். 2010-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இவ்வாற்றில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை விதித்தது. அத்தடையின் பின்னணியை விளக்கப் பல பக்கங்கள் வேண்டும். அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். ரைனுக்குச் சால்மன் என்றால் பொருநைக்கு ஆரலை வைக்கலாமே என்று அன்றுதான் எனக்குத் தோன்றியது. குறித்த சில ஊர்களின் படுகையில், குறித்த ஆண்டுக்குள், ஆரல் மீண்டும் வலையில் விழ வேண்டும். மணல் தங்கியதா, நஞ்சு குறைந்ததா, கோடையில் மடு காயாமல் இருந்ததா என்னும் வினாக்கள் அனைத்துக்கும் அம்மீன் விடை கூறும்.

வீணாகும் நீர்

இனி, கசப்பான பகுதி. 'கடலில் வீணாகக் கலக்கும் நீர்' என்னும் தொடரை ஒவ்வோர் ஆண்டும் செய்தித்தாளில் படிக்கிறோம். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே ஆற்றின் கடைமடையில் நின்று பார்த்தவர் அத்தொடரை அவ்வளவு எளிதாக எழுதமாட்டார். கோடையில் அணைக்கட்டைத் தாண்டி நீர் வாராதபோது உப்புநீர் உள்ளேறுகிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை அந்தக் கடைமடையில்தான் விளைகிறது. புன்னைக்காயல் மீனவர்க்கு ஆற்றுநீர் கழிமுகத்தில் கலந்தால்தான் குஞ்சுமீனும் இறாலும். முத்துக்குப் புகழ்பெற்ற கொற்கை இன்று கடலினின்று சில கிலோமீட்டர் உள்ளே இருப்பதும் இவ்வாறு கொணர்ந்த வண்டலால் நேர்ந்ததே. கடலுக்குச் செல்லும் நீர் ஆற்றின் கடைசி ஊருக்குரிய பங்கு. கழிமுகத்துக்கு மாதந்தோறும் இவ்வளவு என்று எண்ணிட்டு எழுதாதவரை அப்பங்கு எவருக்கும் உரியதன்று எனவே கொள்ளப்படும்.

அந்தப் பங்கை யாருடைய பங்கிலிருந்து எடுப்பது? இங்கேதான் மேடைப்பேச்சு நின்றுவிடுகிறது. கார் சாகுபடிக்குப் போதிய நீர் இல்லாத ஆண்டுகளை நான் கண்டிருக்கிறேன். என் தந்தையார் உழவர். கால்வாயின் கடைசிக் குளத்து உழவரிடம் சென்று, மீனுக்காக விட்டுக்கொடுங்கள் என்று சொல்ல எனக்கு நா எழாது. ஆனால் நகரக் கழிவுநீர் ஆற்றில் கலவாமல் தூய்மைப்படுத்தப்பட்டு மறுபயனுக்கு வந்தால், குளங்கள் தூர்வாரப்பட்டு வெள்ளக்கால நீரைத் தாங்கினால், அவரிடம் கேட்கவேண்டிய அளவு குறையும். முதலில் தொழிலுக்கும் நகருக்கும் கணக்குக் கேட்டுவிட்டுப் பின்னரே உழவரிடம் வர வேண்டும் என்பது என் கருத்து. இதில் மாறுபடுவோர் இவ்வவையில் இருக்கலாம்.

வெள்ளத்தைப் பற்றி ஒரு சொல். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு தொடர்வண்டி நின்றதும், ஊர்கள் தீவுகளானதும் நினைவிருக்கும். அத்தகைய மழையை எந்த ஆறும் கரைக்குள் அடக்கிவிடாது. ஆனால் வெள்ளம் பரவும் தாழ்நிலத்தில் மனையும் சுவரும் எழுந்திருந்த இடங்களில் நீர் எங்கே ஏறியது என்பதை அங்கு வாழ்ந்தோர் கூறுவர். அவ்வெள்ளம் தொட்ட எல்லையை ஊர்தோறும் கல் நட்டுக் குறித்துவைத்தால் போதும். ஆற்றுக்கு விடவேண்டிய இடத்தின் வரைபடம் அதுவே. சில ஆண்டுகள் கடந்தால் நினைவு மங்கும், மனை விற்பனை தொடங்கும். இதனை உடனே செய்தல் வேண்டும்.

இலக்கிய வட்டத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பெயர்கள் நம்மிடம் இருக்கின்றன. நாணல் எது, கோரை எது, தாழைக்கோழி எது, இலைக்கோழி எது என்று பிரித்தறிந்து சொல்லும் தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது. 2011 முதல் சனவரி மாதங்களில் இப்பகுதிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. அதில் நம் வட்டத்தார் சென்று சேரலாம். இலக்கு எழுதுமிடத்தில் பொறியாளரும் உயிரியலாரும் அமரும்போது, கரையூர்ச் சொற்களோடு நம்மவர் ஒருவரும் அமர வேண்டும்.

நானும் மாணவியரும் தொகுத்த பெயர்க் குறிப்பேடு வாயிலருகே மேசையில் இருக்கிறது. ஆரல் எந்தெந்த ஊர்த் துறைகளில் கிடைத்தது, கடைசியாக எந்த ஆண்டில் கண்டீர்கள் என்பதற்கெனச் சில பக்கங்கள் விட்டிருக்கிறோம். இவ்வவையின் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்கள் உணவுக்குச் செல்லுமுன் அதில் எழுதித் தருமாறு வேண்டுகிறேன். எழுதுகோல் பிடிக்க இயலாதோர் சொன்னால் என் மாணவியர் எழுதிக்கொள்வார்கள்.